இருபத்தோராம் நாள்

எங்கள் மருந்தகத்தில் நோயாளிகளைப் பார்க்க ஒரு டாக்டர் இருந்தார். நன்றாக ஓடியாடிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்க ஒரு நர்ஸ் இருந்தார். டாக்டர் செவ்வாயும் வெள்ளியும் கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்து, பன்னிரண்டு மணிக்குப் போய்விடுவார். நர்சம்மா எல்லா நாளும் இருப்பார். இருப்பார் என்று சொல்வதுகூடச் சரியில்லை. பாதி நாள் யாரையாவது தேடிப் போய்க்கொண்டிருப்பார். நான் அங்கே கம்பவுண்டர். என் வேலை மிக்ஸ்சர் கலக்குவது, பாட்டில் கொண்டுவராதவர்களைத் திட்டுவது, மாற்றல் கேட்டு மனு எழுதுவது.

மருந்தகம் ஆரம்பாக்கம் ஸ்டேஷனிலிருந்து கிழக்கே நாலு மைல். வயல்கள் முடிந்து உப்புக் காற்று தொடங்கும் இடத்தில் ஓர் ஓட்டுக் கட்டடம். அதற்கும் கிழக்கே பழவேற்காடு ஏரி, கரை நெடுக மீனவர் குப்பங்கள். நான் செவ்வாப்பேட்டைக்காரன். சனிக்கிழமை மதியம் ரயிலேறி, சென்ட்ரலில் வண்டி மாறி வீட்டுக்குப் போனால் திங்கட்கிழமைதான் திரும்புவேன். திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்கு மாற்றல் கிடைத்தால் தினமும் வீட்டுச் சாப்பாடு. அறுபதுகளின் நடுவில் என் வாழ்க்கை லட்சியம் அவ்வளவுதான்.

நர்சம்மாவின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், “இன்னா சார், எல்லாம் செஞ்சது குப்பத்து ஜனங்க, நானா படகு தள்ளினேன், நானா வலை போட்டேன்?” என்று கேட்பார். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். திருவள்ளூர்ப் பக்கம் நெல் விளைவிக்கிற குடும்பம். நாலடுக்கு அலுமினிய டிபன் கேரியர் ஒன்று எப்போதும் கையில் இருக்கும். அடியடுக்கில் கொதிக்கவைத்த சிரிஞ்சும் ஊசிகளும், அதற்கு மேல் மருந்துக் குப்பிகள், அதற்கு மேல் பஞ்சும் ஸ்பிரிட்டும். உச்சியில் மட்டும் தயிர் சோறு. குப்பத்து நாய்களுக்கு அந்த உச்சியடுக்கு மட்டும்தான் தெரியும். வால் ஆட்டிக்கொண்டு பின்னால் வரும். பிள்ளைகளுக்கோ அடியடுக்கு தெரியும், எதிர்ப்பக்கமாக ஓடும்.

நான் சேர்ந்த முதல் வாரத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் உதவியே எனக்கு விளங்கவில்லை. மருந்து வந்த அட்டைப் பெட்டிகளைக் கிழித்து எறியாமல் வைக்கச் சொன்னார். அவற்றை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, பிள்ளைக்கு ஓர் அட்டையாக எழுதி, பழைய பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்திருந்தார். பதினோரு அட்டைகள். சும்மா இருந்த ஒரு மதியம் எடுத்துப் பார்த்தேன். மேலே பிள்ளையின் பெயர், ஊர். அடுத்த வரியில் நோயின் பெயர் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. ‘பனைமரத்தில் பாதி வரை ஏறுவான்.’ ‘ஒரே மூச்சில் மூன்று பாட்டுப் பாடும்.’ ‘கரையிலிருந்து அம்மன் கோயில் வரை நிற்காமல் ஓடுவாள்.’ நோயும் மருந்தும் கீழே, சின்ன எழுத்தில்.

“இது இன்னா சிஸ்டர், விளையாட்டுப் போட்டியா?” என்றேன்.

“சீக்கு இன்னான்னு டாக்டர் சீட்டுல இருக்கு சார். நல்லா இருந்தா அந்தப் புள்ள இன்னா பண்ணும்னு எந்தச் சீட்டுலயும் இல்ல. அது தெரிஞ்சாத்தானே நின்னு போனா கண்டுபிடிக்க முடியும்?” என்றார்.

அப்போது நான் சிரித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. முப்பது வருட வேலையில் அதைவிட நல்ல கேஸ் ஷீட்டை நான் பார்த்ததில்லை.

அந்தப் பதினோரு பிள்ளைகளும் வந்துபோகும் நோய்க்காரர்கள் இல்லை. கூடவே வளர்கிற நோய்க்காரர்கள். ஒருவனுக்கு வலிப்பு. ஒருத்திக்கு மூச்சிழுப்பு. சிலருக்கு இதயத்தில் கோளாறு. தொண்டைப் புண்ணில் ஆரம்பித்து, முட்டிகளில் வீங்கி, கடைசியில் இதய வால்வைப் பதம் பார்க்கிற காய்ச்சல் ஒன்று உண்டு. ஒருமுறை வந்த பிள்ளைக்கு அது மறுபடி மறுபடி வரும். ஒவ்வொரு முறையும் வால்வு இன்னும் கொஞ்சம் கெடும். மறுபடி வராமல் தடுக்க ஒரே வழி, இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி. ஒரு மாதம் இரண்டு மாதம் இல்லை, பிள்ளைக்கு இருபத்தொரு வயது ஆகும் வரை.

சொல்ல எளிது. அந்த மருந்து வெள்ளைத் தூளாக வரும். காய்ச்சி வடித்த தண்ணீர் விட்டுக் குலுக்கினால் சுண்ணாம்புக் கரைசலாகக் கெட்டியாய் நிற்கும். தடித்த ஊசியில் ஏற்றி உடனே போட வேண்டும், தயங்கினால் ஊசி அடைத்துக்கொள்ளும். இடுப்பில் போட்டால் பிள்ளை இரண்டு நாள் நொண்டும். நன்றாகக் குதித்துக்கொண்டிருக்கும் பிள்ளையை நாலு மைல் இழுத்து வந்து, நொண்டவைத்துத் திருப்பிக் கூட்டிப்போக எந்தத் தாய்க்கு மனசு வரும்? எனக்கே அது அநியாயமாகத்தான் பட்டது.

நர்சம்மாவுக்கு அந்தத் தயக்கமே கிடையாது. “சீக்கு வந்த புள்ள தானா வரும் சார். தூக்கிக்கினு ஓடி வருவாங்க. நல்லா இருக்கிற புள்ளதான் வராது. அத நாமதான் போய்ப் பாக்கணும்” என்பார். இதை அவர் சொல்லி நான் நூறு தடவை கேட்டிருப்பேன். டாக்டரிடம் சொல்வார், சுகாதார இன்ஸ்பெக்டரிடம் சொல்வார், ஆரம்பாக்கம் டீக்கடையில் சொல்வார். வலிப்பு வந்த பையனின் அம்மா, “ஒரு வருசமா ஒன்னும் வரல நர்சம்மா, மாத்திரைய நிறுத்திட்டேன்” என்று சந்தோஷமாக வந்து சொன்னபோது, அந்த அம்மாளை நிற்கவைத்துக் கேட்டார்: “மழ பெய்யும்போது ஊட்டுக்குள்ள ஒழுவலன்னா கூரைய பிரிச்சிப் போட்டுருவியா?” மறுநாளிலிருந்து மாத்திரை பள்ளிக்கூட வாத்தியார் மேஜைக்குப் போனது. காலை மணியடித்ததும் வாத்தியார் கையாலேயே கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. வாத்தியார் முதலில் அந்தப் பையனைச் சேர்த்துக்கொள்ளவே பயந்தவர். பிறகு லீவு நாளில் மாத்திரை யார் கொடுப்பது என்று அவரே கவலைப்பட ஆரம்பித்தார்.

இன்னொரு விசேஷம், ஊசி போடும்போது ‘வலிக்காது’ என்று நர்சம்மா ஒருநாளும் பொய் சொன்னதில்லை. “வலிக்கும். முப்பது எண்ணுற வரைக்கும் நல்லா கத்து. முப்பதுக்கு அப்புறம் கத்தக் கூடாது” என்பார். பிள்ளைகள் நம்பிவிடும். கட்டடம் அதிரக் கத்தும், கத்திக்கொண்டே எண்ணும், முப்பதில் நிறுத்திவிடும். அந்தக் குப்பத்துப் பிள்ளைகள் சிலர் பள்ளிக்கூடம் போகாமலே முப்பது வரை எண்ணக் கற்றது எங்கள் மருந்தகத்தில்தான்.

அப்படி எண்ணியவர்களில் ஒருத்தி தேசம்மா. அம்மன் கோயில் வரை நிற்காமல் ஓடுகிறவள் என்று அட்டையில் இருந்தது அவள்தான். ஒன்பது வயது. அப்பா கண்ணையா ஏரியில் வலை போடுகிறவர், அம்மா இறாலைக் கூடையில் சுமந்து ஆரம்பாக்கத்தில் ரயிலேற்றி விற்கிறவர். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அவளுக்கு இருபத்தொரு நாள் ஊசிச் சீட்டு எழுதி அனுப்பியிருந்தார்கள். ஒரு வருடம் எப்படியோ ஓடியது. முறை தவறினால் மறுநாள் காலை நர்சம்மா டிபன் கேரியரோடு குப்பத்தில் நிற்பார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏரிச் சேற்றில் நடந்து போய், பிள்ளையைப் பிடித்து, அங்கேயே குத்திவிட்டு, அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவார். திரும்பி வந்து என்னிடமும் கண்ணையாவைத் திட்டுவார். “எத்தினி வாட்டி சொல்றது? அந்த ஆளுக்குப் பொண்ணு மேல அக்கறையே இல்ல சார்.”

நானும் தலையாட்டுவேன். தலையாட்டுவதில் எனக்கு எந்தச் சிரமமும் இல்லை.

பெரியம்மைத் தடுப்பு முகாமுக்காக அவரை ஒரு மாதம் வேறு ஊருக்கு அனுப்பினார்கள். போகும்போது டின்னை என் மேஜையில் வைத்தார். “தேதி எல்லாம் எழுதியிருக்கு. வந்தா டாக்டர் கையால போட்டுருங்க. வரலன்னா ஆள் அனுப்புங்க சார்.”

“நீங்க நிம்மதியாப் போங்க சிஸ்டர்” என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம். ஸ்டவ்வை அணைத்து, சிரிஞ்சுகளைத் துடைத்து எடுத்து வைத்துவிட்டேன். டாக்டர் உள்ளே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கண்ணையா தேசம்மாவைத் தோளில் உட்காரவைத்து வியர்க்க விறுவிறுக்க வந்தார். அட்டையை எடுத்துப் பார்த்தேன். மறுநாள்தான் தேதி.

“இன்னிக்கு இருபதாம் நாள். நாளைக்கு வா” என்றேன்.

“நாளைக்கு முடியாது சார். இன்னிக்கே போட்டுடு சார். டாக்டரு கீறாரே.”

“சீட்டுல இருபத்தொண்ணுன்னு போட்டிருக்கு. உன் இஷ்டத்துக்குப் போட முடியுமா?”

அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கவுண்டரின் மரக்கதவைச் சாத்தினேன். மறுநாள் டாக்டர் வருகிற நாளே இல்லை என்பதைக்கூட யோசிக்கவில்லை. சட்டம் பேசினேனே தவிர, உண்மைக் காரணம் ஸ்டவ்தான். மறுபடி பற்றவைத்து, தண்ணீர் கொதித்து, சிரிஞ்சு தயாராக முக்கால் மணி நேரம் ஆகும். எனக்குப் பசி. தேசம்மா தோளில் இருந்தபடியே என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனாள். ஊசி இல்லை என்றால் எந்தப் பிள்ளைதான் சிரிக்காது?

மறுநாள் அவர்கள் வரவில்லை. மறுநாள் சனிக்கிழமை, நான் செவ்வாப்பேட்டைக்கு ரயிலேறிவிட்டேன். அடுத்த வாரம் ஆள் அனுப்பலாம் என்று நினைத்தேன். மறந்தேன். அதற்கடுத்த வாரம் நினைத்தபோது, சிஸ்டர்தான் வரப்போகிறாரே என்று விட்டேன்.

முகாம் முடிந்து வந்த அன்று நர்சம்மா பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. டின்னைத் திறந்தார், அட்டைகளைத் தள்ளினார், ஒன்றை எடுத்துப் பார்த்தார், டிபன் கேரியரோடு கிளம்பிவிட்டார். சாயங்காலம் திரும்பியபோது கண்ணையாவின் தோளில் தேசம்மா இருந்தாள். இந்த முறை சிரிக்கவில்லை. முட்டி இரண்டும் வீங்கியிருந்தன. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கியது.

“கோயில் வரைக்கும் ஓடச் சொன்னேன் சார்” என்றார் நர்சம்மா. “நாலு ஊடு தாண்டல. குந்திக்கினா.”

மறுநாள் காலைப் பாசஞ்சரில் பட்டணத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டு, மருந்தகத்தில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் கண்ணையாவைப் பிடித்துக்கொண்டார். நீயெல்லாம் அப்பனா, வலைதான் பெரிசா, பொண்ணு பெரிசா இல்லையா என்று குரல் உடைகிற வரை திட்டினார். கண்ணையா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஒரு மிக்ஸ்சர் பாட்டிலை ரொம்ப கவனமாகக் குலுக்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்த பாட்டிலைக் குலுக்கிய அளவுக்கு வேறு எதையும் என் வாழ்நாளில் நான் குலுக்கியதில்லை.

கடைசியில் கண்ணையா மெதுவாகச் சொன்னார்: “ஒரு நாளு முன்னாடியே வந்தேன் நர்சம்மா. அந்த சாருதான் நாளைக்கு வான்னு அனுப்பிச்சிட்டாரு.”

நர்சம்மா உள்ளே வந்தார். “நெசமா சார்?”

“ஆமாம்” என்றேன். வேறு என்ன சொல்வது?

வெளியே திட்டியதில் பாதியாவது எனக்கு விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார். “ஒரு நாள் முன்னாடி போட்டா ஒன்னும் ஆவாது சார். பின்னாடி போனாத்தான் தப்பு” என்றார். அப்புறம் கேட்டார்: “ஏன் ஒரு நாள் முன்னாடி வந்தாருன்னு கேட்டீங்களா?”

“கேக்கல சிஸ்டர்.”

“நானும் கேக்கல. ஒரு வருசமா அந்த மனுசனத் திட்டறேன். ஏன் வரலன்னு ஒருநாள்கூட கேக்கல.”

என்னைத் திட்டியிருந்தால் இரண்டு நாளில் மறந்திருப்பேன். தன்னையும் என்னோடு சேர்த்துக்கொண்டாரே, அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

தேசம்மா ஆறு வாரம் பட்டணத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்த ஆறு வாரத்தில் நர்சம்மா எல்லா வேலையும் செய்தார், ஆனால் தயிர் சோற்றை நாய்களுக்கே போட்டுவிட்டு வந்தார். தேசம்மா பிழைத்து வந்தாள். ஆனால் வால்வு இன்னும் கொஞ்சம் கெட்டிருந்தது. இன்னொரு முறை வந்தால் தாங்காது என்று சீட்டில் தெளிவாக எழுதியிருந்தார்கள். இனி ஒரு ஊசிகூடத் தவறக் கூடாது. இன்னும் பதினொரு வருஷம்.

ஏன் ஒரு நாள் முன்னாடி வந்தார் என்ற கேள்வியை நாங்கள் கண்ணையாவிடம் அப்போதுதான் கேட்டோம். பதில் ரொம்ப எளியதாக இருந்தது. ஏரியில் அவரவர் இஷ்டத்துக்கு வலை போட முடியாது. எந்த நாளில் எந்த வீட்டுக்காரர் எந்த இடத்தில் வலை விடுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். நல்ல இடத்தில் ஒரு வீட்டின் பாடு வந்துபோனால் மறுபடி வர வாரக்கணக்கில் ஆகும். ஊசித் தேதியும் பாடு வரும் நாளும் மோதிக்கொண்டால் அப்பா ஏரியில், அம்மா இறால் கூடையோடு ரயிலில், பிள்ளையைத் தூக்கிவர ஆளில்லை. இருபதாம் நாளே கண்ணையா ஓடி வந்தது அதற்குத்தான். முறை தவறாமல் இருக்க அவரே கண்டுபிடித்த வழியைத்தான் நான் கதவைச் சாத்தி அனுப்பினேன்.

“பாடு எப்போ யாருக்குன்னு ஊருக்கே தெரியுமா?” என்று கேட்டார் நர்சம்மா.

“கொழந்தைக்குக்கூடத் தெரியும்மா. சாயங்காலம் கோயிலாண்ட நின்னு, நாளைக்கு இன்னார் பாடுன்னு கூவுவாங்க.”

நர்சம்மாவின் முகம் அப்போது மாறியதைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கூட்டம் என்று தெரிந்ததும், “நாம போறோம் சார்” என்றார். செவ்வாப்பேட்டைக்குப் போக வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கூட்டம் பூவரச மரத்தடியில். பாடு வைக்கும் கூட்டத்தில் பெண்கள் உட்காரும் வழக்கம் இல்லை. நர்சம்மா வம்பு பண்ணவில்லை. பத்தடி தள்ளிக் கவிழ்த்துப் போட்டிருந்த படகின் மேல் உட்கார்ந்துகொண்டு, “நீங்க பேசுங்க சார்” என்று என்னைத் தள்ளிவிட்டார். நாற்பது ஆண்கள் என்னைப் பார்த்தார்கள். முதல் காரியமாக, கண்ணையா மேல் தப்பில்லை, திருப்பி அனுப்பியது நான்தான் என்று சொன்னேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன். ஊரில் ஊசி போடும் பிள்ளைகள் மூன்று பேர். பாடு கூவும்போது அவர்கள் ஊசி நாளையும் சேர்த்துக் கூவ வேண்டும். அன்றைக்கு அந்த வீட்டுக்குப் பாடு இருந்தால், பாடு இல்லாத வீட்டுக்காரர் பிள்ளையைப் படகில் ஏற்றி வர வேண்டும்.

ஊர்ப் பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “பாடு ஏரிக்கு சார். ஊசிக்கு ஏது பாடு? இது எங்க அப்பன் பாட்டன் வெச்ச மொறை. அதுல போய் இஞ்ஜெக்சன கலக்கறதா?”

நான் திரும்பிப் படகைப் பார்த்தேன். படகின் மேலிருந்து குரல் வந்தது. “நைனா, பாட்ட வுட்டுட்டா அடுத்த பாடு வர வரைக்கும் இன்னா பண்ணுவ?”

பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் சொன்னார். “இன்னா பண்றது, கரையில குந்திக்கினு இருக்கணும்.”

“அந்தப் பொண்ணால குந்திக்கினு இருக்க முடியாது நைனா. இன்னொரு வாட்டி வுட்டா அடுத்த பாடே கெடையாது.”

தேசம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்து, மற்ற பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதை அந்த ஊர் அதற்குமுன் பார்த்ததில்லை. பெரியவர் அவளைப் பார்த்தார், நாங்கள் எல்லோரும் பார்த்தோம். “ஒரு மாசம் பாப்போம். பேஜாரு ஆச்சின்னா நிறுத்திடுவோம்” என்றார்.

ஒரு மாதம் பல வருஷம் ஆனது. பாடு கூவுகிறவர் வடக்குப் பாடு இன்னார், ஓடைப் பாடு இன்னார் என்று முடித்துவிட்டு, “நாளைக்கு ஊசிப் பாடு தேசம்மா” என்று அதே குரலில் கூவுவார். தன் பெயர் அப்பாக்களின் பெயர்களோடு கூவப்படுவதில் அவளுக்குப் பெருமை தாங்காது. மற்ற பிள்ளைகள் பொறாமையில், “எனுக்கும் ஊசிப் பாடு வெக்கச் சொல்லு நைனா” என்று அழுததாகக்கூடக் கேள்வி. பாடு தவறினால் ஊருக்கு முன்னால் அவமானம், அதனால் யாரும் தவறவில்லை. ஏரி வற்றும் கோடையில் படகு ஓடாது. அப்போது பாடு இல்லாதவர்கள் தோளில் தூக்கி வந்தார்கள். மற்றக் குப்பத்துக்காரர்கள் கேள்விப்பட்டுத் தாங்களும் ஆரம்பித்தார்கள். டாக்டர் இதை மேலிடத்துக்கு எழுதி அனுப்பினார். பதில் வந்ததாக ஞாபகம் இல்லை. நர்சம்மா எதிர்பார்க்கவும் இல்லை.

அவருடைய தேடிப்போகிற புத்தி மட்டும் மாறவில்லை. எல்லாப் பிள்ளைகளும் ஒழுங்காக வந்துவிட்டுப் போன வாரத்தில்கூடக் குப்பத்துக்குக் கிளம்புவார். “எல்லாம்தான் வந்துட்டாங்களே, எதுக்கு சிஸ்டர் வெயில்ல?” என்று கேட்டால், “இங்க வர்றப்போ எல்லாம் நோயாளி மூஞ்சியோட வருது சார். அங்க எப்படி இருக்குன்னு பாக்க வேணாவா?” என்பார். போய், கரையிலிருந்து கோயில் வரை பந்தயம் வைப்பார். தேசம்மா முதலில் நடந்தாள். பிறகு வேகமாக நடந்தாள். அட்டையில் அவளுடைய அந்த வரியை நர்சம்மா அடிக்கவே இல்லை. இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் சேறு படிந்த காலோடு வந்து, டின்னைத் திறந்து, அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டார். அன்றைக்கு ஆரம்பாக்கம் டீக்கடையிலிருந்து எங்கள் எல்லோருக்கும் வடை வந்தது.

எழுபதுகள் பிறந்து, கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைக்கு நிலம் அளக்க ஆரம்பித்த சமயம் அவரைத் திருத்தணிப் பக்கம் மாற்றினார்கள். மூன்றாம் மாதம் எனக்கும் ஆர்டர் வந்தது. திருவள்ளூருக்கு! எத்தனை வருஷ மனு! ஆர்டர் வந்த மறுநாள் ஊசிப் பாடு, டாக்டர் வருகிற நாள். புது நர்ஸ் இன்னும் வேலைக்குச் சேரவில்லை. ஒன்பது மணிக்கு ஸ்டவ் பற்றவைத்தால் போதும் என்று எட்டரைக்குச் சாவகாசமாக வந்தேன். வாசலில் மூன்று பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். கூட்டி வந்தவர் கண்ணையா இல்லை, அவர் ஏரியில். கூட்டி வந்தது அந்த ஊர்ப் பெரியவரே. “இன்னா சார், இவ்ளோ லேட்டு? பாடு போயிடும், சீக்கிரம் ஸ்டவ்வப் பத்த வெய்யி” என்றார்.

அன்று சாயங்காலம் மாற்றலை நிறுத்தச் சொல்லி மனு எழுதினேன். என் மனைவி ஒரு வாரம் பேசவில்லை. எட்டாம் நாள், “அந்த ஊர்ல அப்படி இன்னாதான் கீது?” என்று கேட்டாள். “ஸ்டவ் கீது” என்றேன்.

தேசம்மாவுக்கு இருபத்தொரு வயது நிறைந்தது. பட்டணத்தில் பரிசோதித்துவிட்டு, இதயத்தில் சத்தம் இருக்கிறது, ஆனால் வளரவில்லை, இனி ஊசி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். கடைசி ஊசியன்று அவள் கத்தவில்லை. முப்பது மட்டும் எண்ணினாள், உதட்டுக்குள். நான் அன்றே நர்சம்மாவுக்குக் கார்டு போட்டேன். ‘தேசம்மாவுக்கு இன்றோடு ஊசி முடிந்தது. ஊசிப் பாடு வைத்ததிலிருந்து ஒன்றுகூடத் தவறவில்லை. நன்றாக இருக்கிறாள்.’ பெருமையோடுதான் எழுதினேன். வாழ்த்து வரும் என்று எதிர்பார்த்தேன்.

இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. முழுக் கார்டில் இரண்டே வரி. ‘நன்றாக இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். போய்ப் பார்த்தீர்களா?’

பார்க்கவில்லை. ஊசிதான் முடிந்துவிட்டதே, எதற்குப் பார்ப்பது என்று இருந்துவிட்டேன். அன்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு படுக்கிற வழக்கத்தை விட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏரிச் சேற்றில் இறங்கினேன். ஐம்பதை நெருங்குகிற வயசு, தொப்பை வேறு. குப்பத்து நாய்கள் என் வெறுங்கையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டன.

தேசம்மா இறால் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு கரையிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தாள். கோயில் வரை பார்த்தேன். ஓர் இடத்திலும் நிற்கவில்லை. கோயிலடியில் கூடையை இறக்கியவள் என்னைப் பார்த்ததும் பதறிப்போனாள்.

“இன்னா சார் நீ வந்துக்கிற? யாருக்கு இன்னா ஆச்சி? எனுக்கு இன்னும் ஊசி கீதா?”

“யாருக்கும் ஒன்னும் ஆவல. ஊசியும் இல்ல” என்றேன். அவளுக்கு மூச்சு வாங்கவில்லை, எனக்குத்தான் வாங்கியது. “நீ நல்லா இருக்கியாமே. அதான் பாக்க வந்தேன்.”